மதியம் ஒன்று இருபதுக்குப் பன்னிரண்டு க்ளிக்

கண் ஆஸ்பத்திரியின் சர்வர்காரருக்குத் தன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. பதினோரு வருஷமாக அங்கே உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் கையில்தான். எலி கடித்த ஒயரிலிருந்து டாக்டர் மறந்துபோன பாஸ்வேர்டு வரை, எது நின்றாலும் முதலில் அடிப்பது அவருடைய போன். அவரும் மூன்றாவது மாடியில் இருக்கும் தன் சின்ன அறையிலிருந்து இறங்காமலே முக்கால்வாசிப் பிரச்சினையைத் தீர்த்துவிடுவார். "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்று அவர் சொல்லும் விதத்திலேயே ஒரு டாக்டர் தோரணை இருக்கும்.

அந்த மனிதரை மூன்று மாதம் ஆட்டிப்படைத்தது ஒரு மதிய நேரத் தொல்லை.

ஆஸ்பத்திரியின் பதிவு வேலையை இரண்டு சர்வர்கள் பங்குபோட்டுச் செய்துவந்தன. ஒன்று முன்னால் நிற்கும் சர்வர். கவுண்டரில் இருக்கும் நான்கு கம்ப்யூட்டர்களும் கேட்பதை வாங்கிக்கொள்வது அதன் வேலை. இன்னொன்று பின்னால் இருப்பது. நோயாளியின் பெயரைப் பதிவதும், பழைய சீட்டைத் தேடுவதும், டோக்கன் எண் கொடுப்பதும் அங்கேதான் நடக்கும். முன்னால் இருப்பது வாங்கிப் பின்னால் கொடுக்கும். பின்னால் இருப்பது முடித்து முன்னால் அனுப்பும். ஒவ்வொரு முறையும் புதிதாக லைன் போட்டால் நேரம் வீணாகும் என்பதால், காலையில் இரண்டும் கிளம்பும்போதே நடுவில் சில லைன்களைத் திறந்து வைத்துக்கொண்டு, அவற்றையே நாள் முழுக்க மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்.

முன்னால் இருப்பது சர்வர்காரரின் பொறுப்பு. பின்னால் ஓடும் மென்பொருளை எழுதிப் பராமரிப்பது அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. அவன் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தான். அந்தக் கம்பெனிக்கு இந்த வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். இப்போது அந்தச் சந்தோஷம் இருந்த இடம் தெரியவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு, பின்னால் இருக்கும் சர்வரை எதிர்க் கட்டடத்துக்கு மாற்றினார்கள். மாற்றிய இரண்டாம் நாளே ஆரம்பித்தது. மதிய இடைவேளை முடிந்து இரண்டு மணிக்குக் கவுண்டர் திறந்தால், நான்கு திரைகளும் ஒரு நிமிஷம் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு, 'பின்னால் இருந்து பதில் இல்லை' என்று கையை விரித்தன. மறுபடி அழுத்தினால் மறுபடியும் அதேதான். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாகி, மாலை வரை வெண்ணெய் மாதிரி ஓடும். காலையில் இந்தத் தொல்லை கிடையாது. தினமும் விடியற்காலையில் பராமரிப்பு முடிந்து எட்டு மணிக்குத்தான் இரண்டு சர்வரும் புதிதாகக் கிளம்பும்.

"என் பதிவேட்டுல தெளிவா இருக்கு மாப்ள. நான் அனுப்பினேன், நீ பதில் சொல்லல" என்றார் சர்வர்காரர், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில்.

"என் பதிவேட்டுலயும் தெளிவா இருக்கு மாமா. அந்த நேரத்துல என் பக்கம் ஒண்ணுமே வரல. வராததுக்கு நான் எப்படிப் பதில் சொல்றது?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

சர்வர்காரரின் மனைவி இருவர் தட்டுக்கும் நடுவில் கரண்டியோடு நின்றாள். "ரெண்டு பேரும் உண்மைதான் சொல்றீங்க. இப்ப சாப்பிடுங்க" என்றாள். தகராறைத் தீர்க்கச் சொன்ன பேச்சு அது. அதில் எவ்வளவு விஷயம் இருந்தது என்பது அங்கே இருந்த யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

சோதித்துப் பார்க்காமலும் இல்லை. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பதிவு செய்வதுபோல் போலிக் கோரிக்கைகளை அனுப்பி இரண்டு சர்வரையும் திணறடித்துப் பார்த்தார்கள். ஆயிரமும் அலுங்காமல் குலுங்காமல் போய்ச் சேர்ந்தன. கூட்டம் இல்லாத மதியத்தில் முடங்குவது, கூட்டம் நெரிந்தபோது ஓடியது. இருவருக்கும் மண்டை காய்ந்தது.

கடைசியில் சர்வர்காரர் ஒரு குறுக்கு வழி பிடித்தார். பத்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் முன்னால் இருக்கும் சர்வர் காத்திருக்க வேண்டாம். அதே கோரிக்கையை இன்னொரு லைனில் மறுபடி அனுப்பட்டும் என்று அமைத்துவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மறுநாள் பத்தரை மணிக்குப் போன் வந்தது. பதிவுக் கவுண்டரின் தலைமை எழுத்தர். ஆஸ்பத்திரி முழுவதும் அந்த அம்மாளுக்கு 'எட்டுக்கட்டை' என்றுதான் பெயர். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டால் மைக் இல்லாமலே மாடிப்படி ஏறும் குரல். போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார் சர்வர்காரர்.

"சார், இங்க ஒரு பெரியவர் நிக்கிறார். நாற்பத்தொண்ணும் அவர் டோக்கன்தான், நாற்பத்திரண்டும் அவர் டோக்கன்தான். அவருக்கு ரெண்டு கண்ணு இருக்குதுதான், அதுக்காக ரெண்டு டோக்கனா?"

"நீங்க ரெண்டு தடவை அழுத்தியிருப்பீங்க மேடம்."

"ஒரு தடவைதான் அழுத்தினேன். பெரியவர் கொண்டுவந்த கடிதத்தை ஸ்கேன் பண்ணிச் சேர்த்தேன், கொஞ்சம் நேரம் எடுத்துச்சு. காலைலேர்ந்து இது ஆறாவது ஆள். ஆறு பேர்கிட்டயும் கடிதம் இருந்துச்சு. கடிதம் இல்லாதவங்களுக்கு ஒரே டோக்கன்தான் வருது."

சர்வர்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. கடிதத்தோடு போகும் பதிவு முடியப் பன்னிரண்டு விநாடி ஆகும். பத்தாவது விநாடியில் இவருடைய சர்வர் பொறுமை இழந்து இரண்டாம் முறை அனுப்பியிருக்கிறது. பின்னால் இருந்தது வந்த இரண்டையும் ஒழுங்காகப் பதிந்து கொடுத்திருக்கிறது. தேடச் சொல்வதை இரண்டு முறை சொல்லலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. பதியச் சொல்வதை இரண்டு முறை சொன்னால் இரண்டு ஆள் ஆகிவிடும். பதினோரு வருஷ அனுபவத்தில் இது தோன்றாமல் போயிற்றே என்று வெட்கத்தோடு குறுக்கு வழியை அவர் எடுத்துவிட்டார். கடிதம்தான் காரணம் என்று அந்த அம்மாள் போகிறபோக்கில் சொன்னதை மட்டும் அவர் பெரிதாக நினைக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் மதியத் தொல்லை நின்றுபோனது.

ஒரு நாள், இரண்டு நாள் என்று பார்த்தார்கள். மூன்று வாரம் ஓடியும் ஒரு புகார் இல்லை. சர்வர்காரர் அந்த வாரம்தான் முன்னால் இருக்கும் சர்வரின் மென்பொருளைப் புதுப்பித்திருந்தார். "அதுதான்" என்றார். மைத்துனனும் அதே வாரம் பின்னால் இருக்கும் சர்வருக்கு நினைவகத்தைக் கூட்டியிருந்தான். "இல்ல மாமா, இதுதான்" என்றான். முன்பு பழியைத் தள்ளிவிட்டுச் சண்டை போட்ட இருவரும் இப்போது பெருமையைப் பிடித்திழுத்துச் சண்டை போட்டார்கள். ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டர் அம்மா மாதக் கூட்டத்தில் சர்வர்காரரைப் பெயர் சொல்லிப் பாராட்ட, அவர் அசடு வழியச் சிரித்து ஏற்றுக்கொண்டார்.

நான்காம் வாரம் திங்கட்கிழமை இரண்டு மணிக்குத் தொல்லை திரும்பி வந்தது. செவ்வாயும் வந்தது. புதன்கிழமை கவுண்டர் முன்னால் கட்டுப் போட்ட கண்ணோடு நின்ற ஒருவர் சத்தம் போட்டு, பெரிய டாக்டர் அம்மாவே இறங்கி வரவேண்டியதாயிற்று. வியாழக்கிழமை என்ன ஆனாலும் சரி, நேரில் உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று சர்வர்காரர் ஒரு மணிக்கே கீழே இறங்கினார். அவர் பகல் நேரத்தில் கவுண்டர் பக்கம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கவுண்டர் அடைத்திருந்தது. காத்திருப்புக் கூடத்தில் நாலைந்து பேர் நாற்காலியில் தூங்கி வழிந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே எட்டுக்கட்டை மட்டும் டிபன் டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட கண்ணாடி, தோளில் ஒரு சின்னத் துண்டு. மற்ற மூன்று பெண்களும் பின்கட்டு மரத்தடியில் உட்கார்ந்து பேசிச் சாப்பிடும் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது.

"வாங்க சார். மூணு நாள் லீவு போட்டுட்டேன். மகளுக்குக் காய்ச்சல்" என்றார் எட்டுக்கட்டை. "ரொம்பப் படுத்திடுச்சாமே?"

"ஆமா மேடம். இன்னிக்கு என்ன ஆகுதுன்னு பார்க்கத்தான் வந்தேன்."

"இன்னிக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்றார் அந்த அம்மாள், மழை வராது என்று சொல்வதைப் போல.

ஒன்று இருபதுக்குக் கடிகாரத்தைப் பார்த்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார். முதல் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பெயரைத் தேடச் சொல்லி ஒரு க்ளிக். இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில், நான்காவதில். திரும்ப முதலாவதிலிருந்து நான்கு. மறுபடியும் நான்கு. பிறகு வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒன்று நாற்பதுக்கு மறுபடி எழுந்தார். அதே சுற்று.

சர்வர்காரர் வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மேடம் பண்றீங்க?"

"தூங்க விடாம பார்த்துக்கறேன் சார். சும்மா விட்டாத்தான் இது மக்கர் பண்ணுது."

"சும்மா விட்டான்னா?"

"அரை மணிக்கு மேல யாரும் தொடாம இருந்தா." மேசைக்கு அடியிலிருந்து கிழித்த காலண்டர்த் தாள்களை எடுத்துப் போட்டார். பின்பக்கம் முழுவதும் பொடி எழுத்தில் நேரங்கள். "பதினோரு மணிக்கு டீ குடிக்க எழுந்து போவோம். இருபது நிமிஷம். என்னிக்குமே ஒண்ணும் ஆனதில்ல. பெரிய டாக்டர் ஒரு நாள் காலைல திடீர்னு எங்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டாங்க, முப்பத்தஞ்சு நிமிஷம். திரும்பி வந்தா மாட்டிக்கிச்சு. மத்தியானம் தினமும் ஒரு மணி நேரம், தினமும் மாட்டுது. அப்ப மத்தியானத்துல ஒண்ணும் இல்ல, சும்மா இருக்கிறதுலதான் என்னவோ இருக்குன்னு நினைச்சேன்."

சர்வர்காரர் தாள்களைப் புரட்டினார். ஆயிரம் கோரிக்கைகளை அனுப்பிச் சோதித்த இரண்டு பேருக்கு, ஒன்றுகூட அனுப்பாமல் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"சரி, நாலு கம்ப்யூட்டர்லயும் எதுக்கு மூணு மூணு தடவை?"

"முதல்ல ஒரே ஒரு க்ளிக்தான் பண்ணிப் பார்த்தேன். அப்பவும் பதினோரு பேர் மாட்டினாங்க. நாலு பண்ணா எட்டு பேர். எட்டு பண்ணா நாலு பேர். எந்த கம்ப்யூட்டர்ல பண்றோங்கிறது முக்கியம் இல்ல சார், எண்ணிக்கைதான் முக்கியம். பன்னிரண்டு வேணும்."

"பன்னிரண்டா?"

"பன்னிரண்டு. பதிமூணாவது வீண்."

சர்வர்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. முன்னாலும் பின்னாலும் இருக்கும் சர்வர்களுக்கு நடுவில் திறந்துவைத்த லைன்கள் எத்தனை என்பது ஒரு கோப்பில் எழுதியிருக்கும். அந்தக் கோப்பை ஆஸ்பத்திரியில் அவரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த எண்ணைப் போட்டவரே அவர்தான். பன்னிரண்டு. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நிற்கும் நோயாளிகளை எண்ணியே இந்த அம்மாள் அந்தக் கோப்பைப் படித்திருக்கிறார்!

"இதை ஏன் என்கிட்ட சொல்லல அக்கா?" 'மேடம்' எப்போது 'அக்கா' ஆனது என்று அவருக்கே தெரியவில்லை.

"சொன்னேனே. ஒரு தாள்ல எழுதி உங்க மேசைக்கு அனுப்பினேன். நீங்க போன் பண்ணி, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு சொன்னீங்க." அதில் குத்தல் எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். "சரி, பாவம் மனுஷன் வேலையா இருக்கார், நம்மளே பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். வர்றவங்க கண்ணுல மருந்து விட்டுக்கிட்டு வெளிச்சம் பார்க்க முடியாம நிக்கிறாங்க சார். அவங்களை நிக்க வைக்கலாமா?"

இரண்டு மணி ஆயிற்று. கவுண்டர் திறந்தது. முதல் ஆளுக்கு இரண்டே விநாடியில் டோக்கன் வந்தது.

சர்வர்காரர் மூன்று மாடியையும் லிஃப்டுக்குக் காத்திராமல் ஏறி, மூச்சு வாங்க மைத்துனனைப் போனில் பிடித்தார்.

"மாப்ள, என் மேலயும் தப்பில்ல, உன் மேலயும் தப்பில்ல. நடுவுல யாரோ இருக்கான்."

"நடுவுல யாரு மாமா? வெறும் ஒயர்தானே?"

"எதிர்க் கட்டடத்துக்கு மாத்தினப்ப நடுவுல காவலுக்கு ஃபயர்வால் ஒண்ணு வச்சாங்களே?"

"அதை அன்னிக்கே சோதிச்சோமே. கதவு திறந்துதான் இருந்துச்சு."

"திறந்துதான் இருந்துச்சு. நாம அரை மணி நேரம் சும்மா இருந்து பார்க்கல."

ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்புப் பொறியாளரைக் கேட்டதும் விஷயம் வெட்டவெளிச்சமாயிற்று. முப்பது நிமிஷம் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும் லைனை அது தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். முன்னால் இருப்பதற்கும் சொல்லாது, பின்னால் இருப்பதற்கும் சொல்லாது. முன்னால் இருக்கும் சர்வர் லைன் உயிரோடு இருப்பதாக நம்பி நோயாளியின் பெயரை அனுப்பும். அது கிணற்றில் போட்ட கல் மாதிரி நடுவிலேயே நின்றுவிடும். ஒரு நிமிஷம் காத்திருந்து, பதில் வராமல் அந்த லைனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடும். செத்த லைன் ஒவ்வொன்றுக்கும் ஒருவராகப் பன்னிரண்டு பேர் மாட்டிய பிறகுதான் எல்லாம் புதிதாகி ஓடும். இவர் அனுப்பியதும் உண்மை. அவனுக்கு வராததும் உண்மை.

"எங்ககிட்ட யாரும் கேக்கலையே சார்" என்றார் பாதுகாப்புப் பொறியாளர். அதுவும் உண்மைதான்.

மைத்துனன் வெள்ளிக்கிழமை காலையே வந்துவிட்டான். முதல் முறையாக இருவரும் ஒரே திரையின் முன்னால் நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு கோரிக்கையையும் அனுப்புவதற்கு முன்பு, முன்னால் இருக்கும் சர்வர் அந்த லைனில் 'இருக்கிறாயா?' என்று ஒரு சின்னக் கேள்வி கேட்கட்டும்; 'இருக்கிறேன்' என்று பதில் வந்தால் மட்டும் நோயாளியின் விவரத்தை அனுப்பட்டும்; வராவிட்டால் அந்த லைனை விட்டுவிட்டுப் புதிது போடட்டும் என்று அமைத்தார்கள். கேள்வி மட்டும்தான் தொலையும், நோயாளியின் பதிவு தொலையாது. இரண்டு டோக்கனும் வராது. பத்து நிமிஷம் சும்மா இருக்கும் லைனை, ஃபயர்வால் அறுக்கும்வரை காத்திராமல் முன்னால் இருக்கும் சர்வரே மூடிவிட வேண்டும் என்றும் எழுதினார்கள்.

"என் பக்கம் இப்பதான் நாலு நிமிஷம்னு போட்டேன் மாமா. நீங்க பத்துன்னு வச்சிருக்கீங்க. நான் மூடினதை நீங்க திறந்திருக்குன்னு நினைச்சிட்டு இருப்பீங்க."

"நீ பன்னிரண்டு வச்சுக்கோ. நான் பத்துல மூடிடறேன்."

"சரி மாமா."

மூன்று மாதத்தில் மைத்துனன் வாயிலிருந்து வந்த முதல் 'சரி மாமா' அது.

திங்கட்கிழமை மதியம் இருவரும் கவுண்டருக்குப் போனார்கள். "அக்கா, இன்னிக்கு நீங்க எதையும் தொடக் கூடாது" என்றார் சர்வர்காரர்.

எட்டுக்கட்டை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தொடாம இருந்தா மாட்டிக்குமே சார். வெளியில ஏற்கெனவே இருபது பேர் இருக்காங்க."

"மாட்டிக்கிச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் அவங்க முன்னாடி நின்னு மன்னிப்புக் கேக்கறோம்."

"நீங்க கேளுங்க. டோக்கன் நான்தானே தரணும்" என்றார். ஆனாலும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்று இருபது ஆனதும் அவருடைய உடம்பு பாதி எழுந்து உட்கார்ந்தது. ஒன்று நாற்பதுக்கு முகத்தையே ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மைத்துனன் நகத்தைக் கடித்தான்.

இரண்டு மணிக்கு முதல் ஆள் வந்தார். எட்டுக்கட்டை பெயரைத் தட்டி அழுத்தினார். டோக்கன் வந்தது. இரண்டாம் ஆள். வந்தது. மூன்று, நாலு. அடுத்த கவுண்டர்களிலும் வந்தது. அந்த அம்மாள் உதடு அசையாமல் எண்ணிக்கொண்டே இருந்தது சர்வர்காரருக்குத் தெரிந்தது. பன்னிரண்டாம் ஆளுக்கும் டோக்கன் கிடைத்தது. பதிமூன்றாவதைக் கொடுத்த பிறகுதான் திரும்பினார்.

"போயிடுச்சு சார்."

"நீங்கதான் கண்டுபிடிச்சீங்க அக்கா. எண்ணினது நீங்க" என்றான் மைத்துனன். அவன் யாரையும் அவ்வளவு சீக்கிரம் பாராட்டுகிற ஆள் இல்லை.

"எண்ணாம என்ன பண்றது தம்பி? மாட்டிக்கிட்டவங்க ஒவ்வொருத்தரும் என்னைத்தானே பார்த்தாங்க" என்றபடி அடுத்த ஆளைக் கூப்பிட்டார் எட்டுக்கட்டை.

மாதக் கூட்டத்தில் சர்வர்காரர் எழுந்து, போன மாதம் தனக்குக் கிடைத்த பாராட்டு தனக்கு உரியது இல்லை என்று சொல்லி, நடந்ததை ஒன்று விடாமல் விவரித்தார். எட்டுக்கட்டை அனுப்பிய தாளைத் தான் சரியாகப் படிக்காமல் விட்டதையும் சேர்த்தே சொன்னார். பெரிய டாக்டர் அம்மா காலண்டர்த் தாள்களை வாங்கிப் பார்த்தார். பிறகு எட்டுக்கட்டையிடம், "மூணு வாரமா நீங்க நிம்மதியா உட்கார்ந்து சாப்பிடவே இல்லையா?" என்று கேட்டார்.

"அதான் இனிமே சாப்பிடுவேனே டாக்டர்" என்றார் எட்டுக்கட்டை.

மறுநாள் மதியம் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே யாரும் இல்லை. நான்கு பெண்களும் மரத்தடியில் இருந்தார்கள்.

சர்வர்காரர் தன் அறையில் அந்தக் கோப்பைத் திறந்தார். பன்னிரண்டு என்ற எண்ணுக்கு மேலே, தனக்குப் பின் அந்த நாற்காலிக்கு வரப்போகிறவர்களுக்காக, எது ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதினார். ஃபயர்வாலின் அரை மணி, இருபக்கத்து நிமிஷக் கணக்கு, பதிவை ஏன் இரண்டாம் முறை அனுப்பக் கூடாது என்பது எல்லாம் அதில் இருந்தன. எழுதி முடித்தும் ஏதோ குறைவதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துக் கடைசியாக ஒரு வரி சேர்த்தார்:

'இந்த எண்ணை மாற்றும் முன் பதிவுக் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்கவும்.'